கரைக்குக் கேட்காத வண்டி

எலக்ட்ரிக் பைக் வாங்கலாமா என்று யார் கேட்டாலும், வாங்கு என்றுதான் சொல்கிறேன். ஸ்கூட்டரைச் சொல்லவில்லை. பெட்ரோல் டேங்க் இருக்க வேண்டிய இடத்தில் பேட்டரி உட்கார்ந்திருக்கும், ஆக்சிலரேட்டரைத் திருகினால் ஆளைப் பின்னால் தள்ளிவிட்டு முன்னால் ஓடப் பார்க்கும் பெரிய பைக்கைச் சொல்கிறேன். நான் ஓட்டிய வண்டிகளில் அதுதான் நல்ல வண்டி. அதை வாங்கியதால்தான் என் மனைவியின் ஊர்க் கரை என் கையைவிட்டுப் போனது. இரண்டும் உண்மைதான். கேட்கிறவர்களுக்கு முதல் பாதியை மட்டும் சொல்லி அனுப்புவேன். இங்கே முழுவதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் நண்டு வியாபாரி. பழவேற்காடு ஏரியில் பிடிக்கிற சேற்று நண்டை உயிரோடு வாங்கி, கொடுக்கைக் கட்டி, ஈரச் சாக்கு போட்ட பெட்டியில் அடுக்கி, மீஞ்சூர்ப் பக்கம் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியின் ஷெட்டில் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் தொழில். செத்த நண்டை அங்கே தொடக்கூட மாட்டார்கள். எனக்கு இரண்டு கரைகள் இருந்தன. காலையில் முதலில் ஆரம்பாக்கம் பக்கத்துக் கரையில் வாங்குவேன். பிறகு ஹைவேயைப் பிடித்து, தச்சூர் கூட்டு ரோட்டில் திரும்பி, பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் என் மனைவியின் ஊருக்கு வருவேன். அங்கே ராத்திரி போட்ட வலையை வெயில் வந்த பிறகுதான் எடுத்துக்கொண்டு வருவார்கள் என்பதால் இரண்டுக்கும் நேரம் ஒத்துவரும். அந்த ஊரில் சின்னக் குழந்தையைத் தவிர எல்லாரும் என்னை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவார்கள்.

அந்தக் கரையில் ஒரு பழக்கம் உண்டு. படகில் இருந்து நண்டு இறங்கியதும் ஓர் அக்கா ஏலம் விடுவார். வெயில் ஏறினால் நண்டு சோர்ந்துவிடும், அதனால் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. ஆனால் கரைக்கு வரும் மண் ரோட்டில் ஒரு வியாபாரியின் வண்டிச் சத்தம் கேட்டுவிட்டால், அவன் வந்து இறங்கும்வரை ஏலத்தைத் தொடங்கக் கூடாது. கேட்டால் நிற்க வேண்டும், கேட்காவிட்டால் நிற்க வேண்டியதில்லை. காற்று எதிராக அடிக்கிற நாளில் அக்கா ஒரு வெற்றிலை போட்டு மெல்லும் நேரம் கூடுதலாகப் பொறுப்பார். அவ்வளவுதான்.

போன் இருக்கும் காலத்தில் இது என்ன கூத்து என்று கம்பெனி ஷெட்டில் ஒருவர் சிரித்தார். போனில் எல்லாரும் பக்கத்தில்தான் இருப்பார்கள். பாயில் படுத்துக்கொண்டே, தோ மதகாண்ட வந்துட்டேன் என்பார்கள். அப்படி ஒருவன் வருகிறேன் வருகிறேன் என்று சொன்னதை நம்பிக் கரை முழுக்க வெயிலில் காய்ந்து, ஒரு படகு நண்டு அப்படியே செத்துப்போனது. அதற்குப் பிறகு ஏலத்தில் போன் பேச்சு எடுபடுவதில்லை.

என் பழைய வண்டியின் சைலன்சரில் ஓட்டை இருந்தது. அடைக்க வேண்டும் என்று தோன்றியதே இல்லை. அந்த மண் ரோட்டுக்கு இரண்டு பக்கமும் தண்ணீர். அந்த ரோடு தொடங்கும் மதகைத் திரும்பும்போதே வண்டிச் சத்தம் தண்ணீர் மேலேயே போய்க் கரையில் ஏறிவிடும். "மாப்ள வந்துட்டாரு, நில்லுங்க" என்று அக்கா சொல்லிவிடுவார். மதகில் இருந்து கரை அதிக தூரம் இல்லை என்றாலும் வந்து சேர நேரம் பிடிக்கும், அவ்வளவு பள்ளம். எந்த ராஜா வண்டியாக இருந்தாலும் அங்கே உருட்டிக்கொண்டுதான் வர வேண்டும். நான் உருட்டிக்கொண்டு வரும்வரை கரை நிற்கும். அது எனக்கு ஒரு விஷயமாகவே தெரிந்ததில்லை.

அந்தக் கரையில் ஏலம் கேட்கிறவர்கள் நானும் என் மனைவியின் அண்ணனும் மட்டும்தான். அவன் அந்த ஊரிலேயே இருக்கிறவன், படகு வரும்போது கரையில் நின்றுகொண்டிருப்பான். கல்யாணமான புதிதில் என்னைக் கரைக்குக் கூட்டிக்கொண்டுபோய், எங்க மாப்ள, இவருக்கும் நண்டு குடுங்க என்று சொல்லிவிட்டவனும் அவன்தான். அவனை நான் மச்சான் என்பேன், அவனும் என்னை மச்சான் என்பான். ஏலத்தில் முறைத்துக்கொண்டு விலை ஏற்றுவோம். முடிந்ததும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிப்போம்.

எலக்ட்ரிக் பைக் பேச்சை எடுத்தவனும் அவன்தான்.

"இன்னா மச்சான், இன்னும் இந்த டப்பாவக் கட்டிக்கினு மாரடிக்கிற? கரண்டு பைக் வந்துகீது பாரு. சூடு கெடையாது, ஒதறல் கெடையாது. நண்டு தூங்கிக்கினே மீஞ்சூர் போய்டும்."

"அது பசங்க சீன் போட்றதுக்கு வாங்கற வண்டி மச்சான்."

"அய்ய, பசங்களுக்கு இன்னா தெரியும்? ஹைவேல ஓட்றவன் நீதான். உனக்குத்தான் வேணும்."

அவன் சொன்னதில் விஷயம் இருந்தது. பழைய வண்டியில் சைலன்சர் சூடு பெட்டியின் அடியில் அடிக்கும். கும்மிடிப்பூண்டி தாண்டுவதற்குள் கீழ் வரிசை நண்டு துவண்டுபோகும். அன்றிலிருந்து டீக்கடையில் உட்கார்ந்தால் போனை எடுத்து எனக்கு வண்டி வீடியோ காட்டினான். ஒருத்தன் ஓட்டிப் பார்த்துவிட்டு ஆகா என்பான், இன்னொருத்தன் பேட்டரி போனால் தெருவில் நிற்பாய் என்று பயம் காட்டுவான். மச்சான் ஆகா என்கிறவர்களை மட்டும் முழுதாகப் பார்க்கவிட்டான். எனக்கும் ஆசை பிடித்துக்கொண்டது. கனவில்கூட ஓட்டினேன் என்றால் சிரிப்பீர்கள்.

சென்னை ஷோரூமுக்கு இரண்டு பேரும்தான் போனோம். ஓட்டிப் பார்க்கக் கொடுத்தார்கள். ஸ்டார்ட் ஆனதே தெரியாமல் நான் பட்டனை மறுபடி மறுபடி அமுக்கிக்கொண்டிருந்தேன். ஷோரூம் பையன் வாயை மூடிக்கொண்டு சிரித்தான். ரோட்டில் இறங்கித் திருகியதும் வண்டி கிளம்பிய வேகத்தில், பின்னால் உட்கார்ந்திருந்த மச்சான் என் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். திரும்பி வந்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

"இது வர்றது எவ்ளோ தூரத்துல கேக்கும் தம்பி?"

"பக்கத்துல வந்து நின்னாதான் சார் தெரியும்" என்றான் பையன், பெருமையாக.

மச்சான் தலையை ஆட்டிக்கொண்டான். யார் மேலாவது இடித்துவிடுவேனோ என்று என்மேல் அக்கறை என நினைத்துக்கொண்டேன். எக்ஸ்சேஞ்சில் பழைய வண்டியைக் கொடுத்துவிடு, வீட்டில் நிறுத்தி வைத்தால் துருதான் பிடிக்கும் என்றும் அவனே சொன்னான். கொடுத்துவிட்டேன்.

வண்டியைப் பற்றி என் அபிப்பிராயத்தையும் சொல்லிவிட வேண்டும், அதற்கு எந்தப் பாவமும் தெரியாது. ஹைவேயில் லாரியை ஒதுக்கிக்கொண்டு போக வேண்டும் என்றால் பழைய வண்டியில் மனசுக்குள் கணக்குப் போட வேண்டும். இதில் நினைத்தால் போதும், லாரி பின்னால் இருக்கும். மீஞ்சூர் ரயில்வே கேட்டில் கம்பெனி வேலைக்குப் போகும் பையன்கள் உறுமிக்கொண்டு நிற்பார்கள். கேட் திறந்ததும், பின்னால் நண்டுப் பெட்டியோடு நாற்பது தாண்டிய ஓர் ஆள் சத்தமே இல்லாமல் முன்னால் போவதைப் பார்த்தால் அவர்கள் முகம் போகும் போக்கே தனி. குறையும் உண்டு. ஸ்போர்ட்ஸ் வண்டியில் கேரியர் வைத்துத் தர மாட்டோம் என்றார்கள், பொன்னேரியில் வெல்டிங் போட்டேன். உப்புக் காற்றில் ஒயர் இணைப்புகளில் பச்சைக் களிம்பு பூக்கும், வாரம் தவறாமல் துடைக்க வேண்டும். ஆக்சிலரேட்டரை விட்டாலே வண்டி தானாகப் பிரேக் பிடித்துக்கொள்வதால், மழை பெய்த களிமண்ணில் பின்சக்கரம் இழுக்கும். மணலில் மாட்டினால் தள்ள ஆள் வேண்டும். ஆனால் அந்தக் கோடையில் என் பெட்டியில் ஒரு நண்டுகூடச் சாகவில்லை. மச்சான் சொன்னது அப்படியே நடந்தது.

கரையில் அதற்கு ஊமை வண்டி என்று பேர் வைத்தார்கள். "இன்னா மாப்ள, வண்டிக்கு வாய்ல இன்னா கொழுக்கட்டையா?" என்று படகுக்காரர்கள் கேட்பார்கள். என் மகள் ஒவ்வொரு நாளும் காலையில், "நைனா, ஸ்டார்ட் ஆயிடுச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் கையை அசைப்பாள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஏலத்தை நான் முதன்முதலாகத் தவறவிட்ட அன்று, நான் போய் இறங்கும்போது மச்சான் எடை போட்டுக்கொண்டிருந்தான்.

"அடடா, வந்துட்டியா மச்சான். சத்தமே கேக்கலயே. இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா?"

அக்காவும் அதையேதான் சொன்னார். காது கொடுத்துக் கேட்டோம், ஒன்றும் கேட்கவில்லை, வெயில் ஏறிவிட்டது, விட்டுவிட்டோம் என்றார். நான் மதகைத் திரும்பிய நேரத்தையும் ஏலம் தொடங்கிய நேரத்தையும் வைத்துப் பார்த்தால், பழைய வண்டியாக இருந்திருந்தால் எனக்காக நின்றிருப்பார்கள். சரி, ஒரு நாள்தானே என்று விட்டேன். ஒரு நாளோடு நிற்கவில்லை. ஹைவேயில் எவ்வளவு விரட்டினாலும் கடைசியில் அந்தப் பள்ள ரோட்டில் உருட்டித்தான் ஆக வேண்டும். ஹைவேயில் சம்பாதித்த நேரத்தைவிட மதகுக்குப் பிறகு விட்ட நேரம் அதிகமாக இருந்தது. பாதி நாள் கரை காலியாகத்தான் கிடந்தது.

சீக்கிரம் வரவேண்டியதுதானே என்று கேட்கலாம். ஆரம்பாக்கத்தை விட்டுவிட்டுச் சில நாள் நேராக இங்கே வந்தேன். வருவதாக இருந்தால் தினமும் வா, இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று ஆரம்பாக்கத்தில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். இரண்டு பேர் போட்டி போட்டுக் கேட்டால் படகுக்காரர்களுக்குத்தானே லாபம், அவர்கள் ஏன் நிற்கவில்லை என்றும் கேட்கலாம். மச்சான் அங்கேதான் கெட்டிக்காரன். நான் இருந்திருந்தால் என்ன விலை போயிருக்குமோ அதையே கொடுத்து மொத்தத்தையும் எடுத்துக்கொண்டான். படகுக்காரர்களுக்கு நான் இல்லாதது தெரியவே இல்லை.

அப்புறம் மதகில் நின்று ஹார்ன் அடித்துப் பார்த்தேன். முதல் நாள் அக்கா நிமிர்ந்து பார்த்து ஏலத்தை நிறுத்தினாராம். மச்சான் சும்மா இருக்கவில்லை.

"அக்கா, ஹார்னுக்கு நிக்கறதுன்னா மெயின் ரோட்டுல போற பஸ்ஸுக்கெல்லாம் நாம நிக்கணும். ஹார்ன் யார் வேணா அடிப்பான்."

கரையே சிரித்ததாம். சாயந்திரம் அவனே இதை எனக்குச் சொன்னான், நானும் சேர்ந்து சிரித்தேன். விளையாட்டுக்கு ஒரு ஸ்பீக்கர் வாங்கி மாட்டிக்கொள், பட பட என்று பாட்டு போட்டுக்கொண்டு வா என்று முதுகில் தட்டினான். அவன் கை பட்ட இடம் இன்றைக்கும் எனக்கு எரிகிறது.

ஒருநாள் மதியம் அக்கா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். வீட்டுக்கு முன்னால் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தார்.

"உக்காரு மாப்ள. ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனச்சிக்காத. இந்த வண்டிய நீயா வாங்கினியா, உங்க மச்சான் வாங்கச் சொன்னானா?"

"மச்சான்தான் சொன்னான். இன்னாக்கா?"

அவர் கருவாட்டை விட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"அப்டின்னா உனக்குத் தெரியணும். நீ வண்டி வாங்கறதுக்கு முன்னாடியே அவன் என்கிட்ட வந்து கேட்டான். சத்தமே வராத வண்டில ஒருத்தன் வந்தா கரை நிக்குமா நிக்காதான்னு. சும்மா பேச்சுக்குக் கேக்கறான்னு நெனச்சேன். கேக்காத வண்டிக்கு எப்டிடா நிக்கறதுன்னு சொன்னேன். ஹார்ன் அடிச்சான்னா அப்டின்னான். ஹார்ன் யார் வேணா அடிப்பான்னு சொன்னேன். சரிக்கானு பூட்டான். அன்னிக்கு நான் சொன்ன வார்த்தையத்தான் இப்ப எனக்கே திருப்பிச் சொல்றான். நான் அத மாத்த முடியாது மாப்ள. இன்னிக்கு உனக்காக மாத்தினா நாளைக்கு எவன் என் பேச்சக் கேப்பான்?"

நான் அவரைக் குறை சொல்லவில்லை. அவருக்கு அந்தக் கரையில் சொல்தான் முதல். டீக்கடையில் வீடியோ காட்டியது, ஷோரூமில் சட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தது, எவ்வளவு தூரத்தில் கேட்கும் என்று கேட்டது, பழைய வண்டியைக் கொடுத்துவிடச் சொன்னது எல்லாம் வரிசையாக வந்து நின்றன. எனக்கு முன்னாலேயே, என்னை வைத்துக்கொண்டே செய்திருக்கிறான். ஷோரூமுக்குப் போன அன்றைக்கு நான் அவனுக்கு மட்டன் பிரியாணி வேறு வாங்கிக் கொடுத்திருந்தேன்.

நேராக அவன் வீட்டுக்குப் போனேன். பெட்டி கழுவிக்கொண்டிருந்தான்.

"வா மச்சான், டீ போடச் சொல்றேன்."

"அக்காகிட்ட கேட்டியா, கேக்கலியா?"

எதை என்றுகூட அவன் கேட்கவில்லை. தண்ணீரை ஊற்றிவிட்டுப் பெட்டியைக் கவிழ்த்து வைத்தான்.

"கேட்டேன்."

"ஏன்டா இப்டிப் பண்ண?"

"நான் இன்னா பண்ணேன்? வண்டி பத்தி நான் சொன்னதுல ஒண்ணு, ஒரே ஒண்ணு, பொய்னு காட்டு. நண்டு சாவல. ஹைவேல உன்ன ஒருத்தன் புடிக்க முடியல. நல்ல வண்டின்னு சொன்னேன், நல்ல வண்டிதான?"

பொய் சொல்லி ஏமாற்றியிருந்தால் சட்டையைப் பிடித்து உலுக்கியிருப்பேன். அவன் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் உண்மையாக இருந்தது. உண்மையை மட்டும் பேசி ஒருவன் இன்னொருவனைக் கவிழ்க்க முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. டீ வந்தது. குடிக்காமல் எழுந்து வந்தேன்.

வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் பின்கட்டில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். அக்கா சொன்னதைச் சொன்னேன், அண்ணன் சொன்னதைச் சொன்னேன். அவள் திரும்பவில்லை. செதில் உரிக்கிற கை நிற்கவும் இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பத்திலேர்ந்து?"

"அண்ணா அக்காவாண்ட கேக்கப் போனப்பவே. சொல்லிட்டுத்தான் போச்சு."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

அவள் மீனைச் சட்டியில் போட்டுவிட்டு முதல் தடவையாக என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை, பயமும் இல்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"அண்ணாவுக்கு அந்த ஒரு கரதான். உனக்கு ரெண்டு கீதே. நீ ஆசப்பட்ட வண்டியும் வந்துச்சு, அண்ணா பொழப்பும் ஓடுது. இதுல யாருக்கு இன்னா கெட்டுப் போச்சு?"

அவள் உண்மையாகவே அப்படி நினைத்திருந்தாள். இரண்டு கரையில் ஒன்றை எடுத்து இல்லாதவனுக்குக் கொடுத்தால் போதும், சரியாகிவிடும் என்று. என்னிடம் கேட்டிருந்தால் நானே கொடுத்திருப்பேனோ என்னவோ. கொடுத்திருக்க மாட்டேன் என்று அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து முடிவு செய்திருக்கிறார்கள். ஒரே வீட்டில் இத்தனை வருஷம் சோறு தின்ற ஆளைப் பற்றி அவள் வைத்திருந்த கணக்கு அதுதான் என்பதை என்னால் தாங்க முடியவில்லை.

அந்தக் கரைக்கு நான் போவதை நிறுத்திவிட்டேன். வேறு பெட்ரோல் வண்டி வாங்கிக்கொண்டு வா என்று படகுக்காரர் ஒருவர் சொல்லி அனுப்பினார். சத்தம் போட்டுக்கொண்டு போய் அந்த ஊரில் எனக்கு ஓர் இடம் பிடிக்க வேண்டாம் என்று இருந்துவிட்டேன். ஆரம்பாக்கம் நண்டை மட்டும் எடுத்துக்கொண்டு ஹைவேயிலேயே மீஞ்சூர் போகிறேன். வீட்டில் பேச்சு நிற்கவில்லை. சாப்பாடு போடுகிறாள், சாப்பிடுகிறேன். மகளின் பள்ளிக்கூட விஷயம் பேசிக்கொள்கிறோம். அவள் அண்ணனைப் பற்றி அவளும் எடுப்பதில்லை, நானும் கேட்பதில்லை.

போன வாரம் கம்பெனியில் சீக்கிரமே வேலை முடிந்து, மத்தியானம் வீட்டுக்கு வந்தேன். வாசலில் வண்டியை நிறுத்தி இறங்கப்போனபோது உள்ளே அவள் போனில் பேசிக்கொண்டிருப்பது கேட்டது. ரொம்ப நாள் கழித்து அவள் சிரிப்பு அது.

"இப்ப வர்ற நேரம்தாண்ணா. வந்துட்டாரா இல்லியானு எனக்கு எப்டித் தெரியும்? அந்த வண்டிதான் கேக்காதே."

ஒரு கால் தரையில், ஒரு கால் வண்டியில் என்று கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். பிறகு ஹேண்டிலைத் திருப்பி, வந்த வழியே ரோட்டுக்குப் போனேன். நான் போனதுகூட அவளுக்குக் கேட்கவில்லை.